வெயிலைப் பிடிப்பது சுலபம்

சித்திரை மதியத்தில் நம் ஊர் வளவனூரில் எந்த மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாலும் கை சுடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, யாரும் கேட்காத நேரத்தில் வெந்நீர் காய்ச்சி வைத்திருக்கும். மார்கழி விடியலில் அதே தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றப் பயமாக இருக்கும். ஆக, நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. சூட்டைக் காப்பாற்றி வைப்பதில்தான் கஷ்டம்.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கிறது. நூறு லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுபோக, சுமார் 1.75 யூனிட் மின்சாரம் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு நாளைக்கு விழும் வெயிலே ஏறத்தாழ 5 யூனிட். பாதியைக் கோட்டைவிட்டாலும் குளித்துவிடலாம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் காப்புரிமை பெற்ற கருவி இவ்வளவுதான்: பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகள், மேலே கண்ணாடி. இரவில் ஆறிப்போனது. 1909இல் கலிபோர்னியாவின் வில்லியம் பெய்லி, சூடேறும் குழாய்களை வெயிலிலும், தொட்டியைத் தனியே வெப்பம் வெளியேறாத உறைக்குள்ளும் வைத்தார். இன்றைய மாடி சோலார் ஹீட்டர்களுக்கு அதுதான் முன்னோடி. நம் மாவட்டத்து ஆரோவில்லில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து, சமையலுக்கு நீராவியே எடுக்கக் கட்டப்பட்டது.

கொல்லையில் ஒரு ஷவர் அமைக்க இந்தக் கிண்ணமெல்லாம் தேவையில்லை. சிலர் கறுப்பு ஹோஸைச் சுருட்டி வெயிலில் போடுகிறார்கள். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் நூறு மீட்டர் நீளம் இருந்தாலும் பிடிப்பது 31 லிட்டர்தான், இரண்டு வாளி. கரும்புத் தோட்டத்திலிருந்து சாயங்காலம் திரும்புகிறவருக்கு அதுவே போதும்.

வீடு முழுக்கக் குளிக்க டிரம்தான் சரி. பளபளக்காத கறுப்புப் பெயின்ட் அடித்து, தெற்குப் பார்த்த மரப்பெட்டியில் படுக்க வையுங்கள். கண்ணாடி மூடி 25 டிகிரி சாய்ந்திருந்தால் தாழ்வாக வரும் மார்கழி வெயில் ஏறத்தாழ நேராக விழும். பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் நெல் உமியைத் திணிக்கலாம். நம் ஊரில் கிடைப்பதில் இது மலிவு, ஆனால் நனைந்தால் பயனில்லை. டிரம்மில் காற்றுப் போக ஒரு சிறு குழாய் அவசியம். பூச்சிமருந்து வந்த டிரம் வேண்டவே வேண்டாம். காலையில் நிரப்பி, பொழுது சாயும்போது குளியுங்கள். விடியற்காலைக்கு வேண்டுமென்றால் வெயில் இறங்கியதும் கண்ணாடிமேல் தெர்மாகோல் பலகை போட்டு மூடியாக வேண்டும். அப்படியும் கொஞ்சம் ஆறத்தான் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது கைகொடுக்காது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு இதை நம்பி வெந்நீர் அடுப்பை இடித்துவிடாதீர்கள். சவுக்கு விறகு இருக்கட்டும்.

ஷவருக்குத் தண்ணீர் இறங்க டிரம் தலைக்குமேல், ஏழடி உயரத்திலாவது இருக்க வேண்டும். நிரம்பிய நூறு லிட்டர் டிரம் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். கீற்றுக் கொட்டகை தாங்காது. செங்கல் தூணோ இரும்புச் சட்டமோ போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.