உங்களுக்குத் தெரியுமா? பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஏன் உதறுகிறது?

காலி வீதி நெரிசலில் ஒன்றும் தெரியாது. அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி 100இல் போய் பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டியரிங் உதறும். “டிஸ்க் வளைஞ்சிட்டு, மாத்த வேணும்” என்பார் கராஜ் பாஸ். மாற்றிய சில மாதங்களில் அதே உதறல் திரும்பவும் வந்தால்? தெஹிவளை, வெள்ளவத்தைக் கார்க்காரருக்காகச் சில துணுக்குகள்.

● வளைந்ததென்று கழற்றிப் போடும் டிஸ்க்குகளில் பல, வளைந்தவையே அல்ல. விரிசல் விட்ட டிஸ்க்குகளை நிறையக் கண்டதாகவும், நிஜமாக வளைந்த ஒன்றைக்கூடக் கண்டதில்லை என்றும் எழுதியவர், பந்தயக் கார்ப் பொறியியலாளர் கரோல் ஸ்மித். உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் தடிப்பு வித்தியாசம். டிஸ்க்கின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், அல்லது பேட்டின் பொருள் ஓரிடத்தில் அப்பியிருக்கும்.

● எவ்வளவு வித்தியாசம்? 0.02 மில்லிமீற்றர் இருந்தாலே பல கார்களில் கைக்குத் தெரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் சிறிய காரின் சில்லு ஒரு செக்கனுக்கு 9 தடவை சுற்றுகிறது. தடித்த இடம் பேட்டுக்குள் வரும் ஒவ்வொரு முறையும் கலிப்பர் பிஸ்டனைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் பெடலிலும் ஸ்டியரிங்கிலும் உதைப்பது.

● புது டிஸ்க் போட்டும் உதறல் திரும்புவது ஏன்? டிஸ்க் நேராக அமராமல் பக்கவாட்டில் ஆடினால், பிரேக் மிதிக்காத நேரத்திலும் அதன் ஒரு பகுதி மட்டும் பேட்டில் உரசிக்கொண்டே போகும். முதலில் ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு உரசிய இடம் மெலிந்து, உதறல் ஆரம்பிக்கும். பழி டிஸ்க்கின் மேல் விழும். குற்றவாளியோ அது உட்கார்ந்திருக்கும் ஹப்.

● ஹப்பில் என்ன கோளாறு? அநேகமாகத் துருதான். ரயில் பாதைக்கு அப்பால் கடல், நாள் முழுக்க உப்புக் காற்று. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் நடுவிலும் போல்ட்டுகளின் அடியிலும் செங்கல் நிறத்தில் பொருக்கு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். டிஸ்க் அமரும் இடத்தின் விளிம்பில் 0.03 மில்லிமீற்றர் பொருக்கு இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஆட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வயர் பிரஷ், எமரி பேப்பர், பத்து நிமிடப் பொறுமை. இதற்கு இதுதான் வைத்தியம்.

● துருப்பிடித்து ஒட்டிய டிஸ்க்கைச் சுத்தியலால் அடிக்கத் தேவையில்லை. பல ஜப்பான் கார்களின் டிஸ்க்கில், வீல் போல்ட்டுகளுக்கு இடையே மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால், டிஸ்க் ‘டக்’கென்று தானாகக் கழன்று வரும். துளைக்குள்ளும் துரு அடைத்திருந்தால் முதலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்.

● டயர் கடையிலும் கோளாறு தொடங்கலாம். ஏர் கன்னால் ஒரு நட்டை மட்டுமீறி இறுக்கி, அடுத்ததை அரைகுறையாக விட்டால் டிஸ்க் கோணலாக அழுத்தப்படும். டொயோட்டா விட்ஸ், அக்வா, கொரோலா மாதிரிகள் பலவற்றுக்கு அளவு 103 நியூட்டன் மீற்றர். கையால் ஒரு சுற்று, பிறகு டோர்க் ரென்ச்சால் எதிரெதிர் நட்டாக இறுக்குவதே முறை.

● உதறல் முன்னாலா, பின்னாலா? ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஆசனமும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரேக் மிதிக்காமலே அதிர்ந்தால் டிஸ்க்கை விட்டுவிட்டு முதலில் வீல் பாலன்ஸ் பாருங்கள். மிதி தொய்ந்து கீழே இறங்கினால் அது வேறு வருத்தம். பிரேக் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

● டிஸ்க்கின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஸ்க்கை ஹப்பில் வைத்து எல்லா நட்டையும் இறுக்கி, விளிம்புக்குச் சற்று உள்ளே டயல் கேஜின் முனையைத் தொடவிட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பல டொயோட்டாக்களுக்கு எல்லை 0.05 மில்லிமீற்றர். முள் அதைத் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று சரிக்கட்டும் இடம் பல நேரம் அகப்படும். செலவு இல்லை.

● லேத்தில் கடைந்தால் சரியாகுமா? கொஞ்ச நாளைக்கு. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ ஆகக்குறைந்த தடிப்பு மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். 700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய இடத்தில் வார்ப்பிரும்பு சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறிவிடும். அந்தத் திட்டு லேத்துக்கும் சரியாக மசியாது, மற்ற இடம் தேயும்போதும் தேயாது. உதறல் திரும்பவும் வரும்.

● கட்டணச் சாவடியில் கவனம். 100 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும் இயக்கச் சக்தி, 50இல் இருப்பதைப் போல் நான்கு மடங்கு. கொட்டாவையிலோ கஹதுடுவையிலோ நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கடுமையாகப் பிரேக் பிடித்து, வரிசையில் நின்றபடி பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால், கொதிக்கும் பேட் டிஸ்க்கில் தன் அச்சைப் பதித்துவிடும். தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். சமதரையில் நின்றதும் கைப்பிரேக் போட்டு, காலை எடுங்கள்.

● 1,200 கிலோ எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கும்போது விட்டுத்தள்ள வேண்டிய சக்தி ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இறம்பொடை வளைவுகளில் டிஸ்க்கின் தலையில் கட்டுவதா, தாழ்ந்த கியர் போட்டு எஞ்சினிடம் கொடுப்பதா என்பது உங்கள் கையில். அக்வா, பிரியஸ்காரர் ‘பி’ நிலையைப் போடலாம்.

● ஹைபிரிட் காருக்கு இன்னொரு சிக்கல். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் அதிகம் தொடாது. டிஸ்க்கில் துரு தங்கும். மழையில் நனைந்து நிறுத்திய காரில் பேட் தொட்டபடி இருக்கும் இடத்தில் தனியொரு தழும்பு விழும். நாளுக்கு ஒரு தடவையாவது, பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், சற்று அழுத்திப் பிடியுங்கள்.

● கலிப்பரின் வழுக்கு ஊசிகளை மறக்காதீர்கள். கிரீஸ் காய்ந்து அவை இறுகினால் ஒரு பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடும். உள்பேட்டும் வெளிபேட்டும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால் அதுதான் அடையாளம். வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் போதும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

● புது பேட்டுக்குப் பழக்கம் தேவை. பெட்டியில் முறை எழுதியிருந்தால் அதுதான் சட்டம். இல்லையென்றால் மணிக்கு 50இலிருந்து 10 வரை நிதானமாக, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். பேட்டின் படலம் சீராகப் படியும். இதற்கு மரைன் டிரைவ் வேண்டாம். விடிகாலையில் அது நடைக்காரரின் சொத்து.

● டிஸ்க் பிரேக் நூற்றாண்டு கடந்தது. பிரெடரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1902இல். 1953 லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955இல் சித்ரோன் டிஎஸ் அதை வீட்டுக் காருக்குக் கொண்டுவந்தது.

● 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நம் வீதியில் ஓடுவதில் பெரும்பங்கு வயதான கார். அதன் ஹப்பிலும் அத்தனை வருடத் துரு. பஞ்சிகாவத்தையில் டிஸ்க்குக்குப் பேரம் பேசுமுன் கராஜில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஹப்பைத் துடைத்தீர்களா? ஆட்டம் எத்தனை மில்லிமீற்றர்? இரண்டாவதற்கு இலக்கத்தில் பதில் வராவிட்டால், காசை எடுக்க வேண்டாம்.