கஸ்தூரி எலுமிச்சை: சிறு கனியின் பெரும் பயன்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ நம்மவர் நடத்தும் உணவகத்தில் மீகோரெங் கேட்டு அமர்ந்தால், தட்டின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவேயான ஒரு பச்சைக் காய் பாதியாக அரிந்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிழிந்துவிட்டு உண்பதே அங்குள்ள வழக்கம். 'மாமா' என்னும் நம் உறவுச் சொல்லிலிருந்து 'மாமாக்' கடைகள் எனப் பெயர்பெற்ற அவ்வுணவகங்களைக் கண்டவர்களில் இராமநாதபுரம் சீமையினரும் கடையநல்லூர், தென்காசிப் பகுதியினரும் பலர். ஆகவே இக்கனி நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமானதே.

மலாய் மக்கள் இதனை 'லீமாவ் கஸ்தூரி' என்பர். நாம் வழங்கும் கஸ்தூரியே அது. நறுமணம் பற்றி வந்த பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டில் இதற்குக் 'கலமன்சி' என்று பெயர்.

பிறப்பும் இயல்பும்

சீனத்தில் தோலோடு உண்ணப்படும் 'கும்குவாட்' என்னும் சிறு பழத்தை 1846ஆம் ஆண்டு இராபர்ட் ஃபார்ச்சூன் என்னும் தாவர சேகரிப்பாளர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். அந்தக் கும்குவாட்டும் கமலா ஆரஞ்சும் கலந்து பிறந்ததே கஸ்தூரி எலுமிச்சை. கும்குவாட் குளிரைத் தாங்கும். இதுவோ வெப்ப நாடுகளில் செழித்து, ஆண்டின் பெரும்பகுதி காய்க்கும். தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளிருக்கும் சுளை ஆரஞ்சு நிறம் கொண்டிருக்கும். நன்கு பழுத்தால் தோலும் பொன்னிறமாகும். புளிப்பும் சற்றுத் தணியும்.

சமையலறையில்

மலேசியாவில் சம்பல் பெலாச்சானுக்கு இதன் சாறே உயிர். இந்தோனேசியாவின் மனாடோ பகுதியில் மீனின் கவிச்சி நீங்க இதனைப் பிழிந்து ஊறவைப்பர். பிலிப்பைன்ஸ் மக்கள் சோயா சாற்றுடன் கலந்து தொட்டுக்கொள்வர்.

பானம் செய்ய ஒரு குவளை நீருக்கு ஐந்தாறு காய்களின் சாறு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போதும். மலேசியர் 'அசாம் போய்' என்னும் உப்பிட்டு உலர்த்திய பழம் ஒன்றையும் அதில் இடுவர். விதைகள் மிகுதியாதலால் வடிகட்டுதல் நலம். சூடான உணவை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சாற்றைச் சேர்க்க வேண்டும். கொதித்தால் மணமும் குறையும், வைட்டமின் 'சி' சத்தும் குறையும்.

பழுத்தவற்றை விதை நீக்கி, தோலோடு மெல்லியதாய் அரிந்து, நீரில் வேகவைத்துச் சம அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் இனிய பாகுப் பழம் கிடைக்கும். உப்பில் ஊறவைத்து ஊறுகாயாகவும் பயன்படுத்தலாம். அலுமினியப் பாத்திரம் மட்டும் ஆகாது.

எச்சரிக்கை

பயணம் முடித்துத் திரும்புவோர் இதன் கன்றைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர எண்ணுவதுண்டு. இது சிறு ஆசையாகத் தோன்றினும் விளைவு பெரிது. எலுமிச்சை இனச் செடிகளைத் தாக்கும் 'பசுமை நோய்' ஒரு நுண்ணுயிரால் வருவது. சிறு பூச்சி ஒன்று அதனைச் செடிக்குச் செடி பரப்பும். நம் கொல்லைக் கறிவேப்பிலையிலும் அப்பூச்சி தங்கும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005ஆம் ஆண்டு இந்நோய் கண்டறியப்பட்டது. 2003-04இல் 24 கோடிப் பெட்டிகளாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், இந்நோயாலும் புயல்களாலும் 2023-24இல் 2 கோடிப் பெட்டிகளுக்கும் கீழே சரிந்தது.

இந்நோய் இந்தியாவிலும் உண்டு. அயல்நாட்டுக் கன்று அதனை மேலும் பரப்பலாம். புதிய கேடுகளையும் கொணரலாம். கடையநல்லூருக்கு அருகேயுள்ள புளியங்குடியில் எலுமிச்சையை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் பிழைப்பு நம் பெட்டியிலுள்ள ஒரு கன்றினால் கெடலாமா? இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இன்றிக் கன்றுகளைக் கொண்டுவருவதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையும் தடுக்கிறது.

வளர்க்க விரும்பும் சகோதரிகள், உள்நாட்டில் முறையாக வளர்க்கப்பட்ட கன்றை நம்பகமான நாற்றங்காலில் பெறலாம். ஒன்றரை அடித் தொட்டி, நீர் தேங்காத மண், நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் ஆகியவை போதுமானவை. கன்று கிடைக்காவிடில் கவலை வேண்டாம். நம் எலுமிச்சையும் நாரத்தையும் இருக்கின்றன. மேற்கூறிய பானத்துக்கும் ஊறுகாய்க்கும் அவையே போதும்.