ஒப்புக்குச் சப்பாணி அல்ல, ஆட்டக்காரர்

புது தில்லி: தெருவில் நடக்கும் ஆட்டத்தில் சிறு பிள்ளை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, அது "அவுட்" ஆனாலும் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. அத்தகைய பிள்ளைக்கு மும்பையில் "கச்சா லிம்பு" என்று பெயர். பழுக்காத எலுமிச்சை என்று பொருள். வங்காளத்தில் "துத் பாத்", அதாவது பால்சோறு. தமிழில் "ஒப்புக்குச் சப்பாணி". மற்றவர்கள் பிஞ்சுப் பருவத்தைச் சொல்ல, நாம் மட்டும் கால் ஊனத்தைக் குறிக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

மாற்றுத்திறன் குழந்தைகளை விளையாட்டில் சேர்ப்பது பெரும்பாலும் இந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 6 வயது வரையிலானவர்களில் மட்டும் இத்தகைய குழந்தைகள் 20 லட்சத்துக்கும் அதிகம். பந்தை உருட்டுவது கைத்தசைக்காக, மணி கோப்பது விரல்களுக்காக என்று இவர்களுக்கு விளையாட்டே சிகிச்சையாகிவிடுகிறது. அதுவும் தேவைதான். ஆனால், சிகிச்சை அறையில் தோழர்கள் கிடைப்பதில்லை.

இதை உணர்ந்த பெற்றோர் சிலர் பெங்களூரில் "கிலிகிலி" என்ற அமைப்பைத் தொடங்கினர். மாநகராட்சியின் துணையுடன் 2006-ம் ஆண்டில் அங்குள்ள கோல்ஸ் பூங்காவில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஆடும் விளையாட்டிடம் உருவானது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று தனிப் பூங்காவை அவர்கள் கேட்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

இத்தகைய இடத்துக்குப் பெரும் செலவு தேவை என்பதில்லை. முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் கொண்ட ஊஞ்சல், சக்கர நாற்காலியில் இருந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் மணல் தொட்டி, 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயராத சாய்தளம் ஆகியவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. பூங்கா வாயிலில் மாடு நுழையாதிருக்க வைக்கும் சுழல் கதவு சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகிறது. இதை யாரும் யோசிப்பதில்லை.

மீதிப் பாதி, உடன் ஆடுபவர்களிடம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தால், "இப்படி ஓட்டு" என்று திருத்துவதைவிட, அருகில் அமர்ந்து நாமும் ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது நல்லது. பேச இயலாத குழந்தையின் ஊஞ்சலைச் சற்றே நிறுத்திப் பிடித்துக் காத்திருந்தால், ஒரு பார்வை, ஒரு கையசைவு, "இன்னும்" என்று கேட்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு அந்தப் பதிலைத் தருவதற்கே நேரம் பிடிக்கலாம். பெரியவர்கள் அவசரப்பட்டு, அது கேட்கும் முன்பே ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறார்கள். பார்வையற்ற குழந்தையுடன் பந்து விளையாட, சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டினாலே போதும். அது உருளும் சரசரப்பு வழி காட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ம் ஆண்டு ஏற்றது. மற்ற குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்கும் வாய்ப்பை அதன் 30-வது பிரிவு வலியுறுத்துகிறது. சமம் என்றால், தோற்கும் வாய்ப்பும் அதில் அடக்கம்.

இதற்குப் பார்வையற்றோர் கிரிக்கெட்டே நல்ல சான்று. அதன் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998-ம் ஆண்டு இதே தில்லியில்தான் நடைபெற்றது, தென்னாப்பிரிக்கா வென்றது. உள்ளே மணிகள் குலுங்கும் பந்தைத் தாழ்வாக வீசுகிறார்கள். பதினொருவரில் குறைந்தது 4 பேர் முற்றிலும் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கிடப்படும். ஆனால், பந்து ஸ்டம்பில் பட்டுவிட்டால் அவர்களும் வெளியேற வேண்டியதுதான்.