கடல் இல்லாத ஊரின் கப்பல் வாணிகம்

திருப்பூரில் கடல் இல்லை. ஆனாலும் கப்பல் தாமதமானால் கையைப் பிசைகிற ஊர் அது. இங்கே தைத்த ஆடைகள் லாரியேறித் தூத்துக்குடிக்குப் போகின்றன. அவற்றில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைகிறது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்தப் பகுதியின் பங்கு. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த அந்த வியாபாரம், 2024-25 நிதியாண்டில் ஏறக்குறைய 40,000 கோடியைத் தொட்டது.

1920-களில் பின்னல் இயந்திரங்கள் இங்கே வந்தன. அடுத்த ஐம்பது ஆண்டுகள் உள்நாட்டுக்கான வெள்ளை பனியன்தான் ஊரின் அடையாளம். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981-ல் ஐரோப்பிய ஜவுளிக்கடை நிறுவனமான ‘சி அண்ட் ஏ’ வந்தது. அதன்பின் நடந்ததெல்லாம் வேகம்தான்.

அந்த வேகத்துக்குக் காரணம் பெரிய ஆலைகள் மட்டுமல்ல. 1990-களில் இந்த ஊரை ஆராய்ந்த ஷரத் சாரி, முதலாளிகளில் பலர் உழவர் குடும்பத்தினர் என்றும், கூலிக்கு வேலை பார்த்துப் படிப்படியாகக் கம்பெனி கண்டவர்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். முழு ஆலை கட்டுகிற அளவுக்கு அவர்கள் கையில் பணம் இல்லை. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு டி-ஷர்ட்டின் பயணத்தைப் பார்த்தால் இது விளங்கும். நூல் ஓரிடத்தில் துணியாகிறது. சாயம் இன்னோரிடத்தில் ஏறுகிறது. சுருக்கம் நீக்கி அகலத்தைச் சீராக்கும் காம்பாக்டிங் வேறொருவர் கையில். பிரிண்டிங், எம்பிராய்டரி, கட்டிங் முடிந்து தையலுக்குப் பவர் டேபிள் யூனிட்டுக்குப் போகிறது. ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்கள் பத்துப் பதினைந்து போட்ட ஒரு சிறு கட்டடம்தான் பல இடங்களில் அந்த யூனிட். பிறகு காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு படிக்கும் துணி டெம்போவில் ஏறி ஊரைச் சுற்றுகிறது. ‘ஜாப் ஒர்க்’ என்று ஊரே சொல்கிற இந்த ஏற்பாட்டால்தான், பெரிய ஆர்டரைக்கூடப் பல கைகளில் பகிர்ந்து குறித்த நாளில் முடித்துக்கொடுக்க முடிகிறது. ஒரு தையல்காரர் நான்கு மெஷினோடு முதலாளியாக முடிவதும் இதனால்தான்.

இந்த வளர்ச்சிக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலை பெரிது. அதில் கலந்த சாயக்கழிவு 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கான நீரே பயிரைக் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே வீச்சில் நின்றன. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து, பெரும்பகுதி நீரையும் உப்பையும் மீட்கின்றன. இது செலவு பிடித்த வேலை. வழக்குத் தொடுத்த அந்த விவசாயிகள்தான் திருப்பூரை இந்த நிலைக்குத் தள்ளி நல்லது செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மாவட்டம் முழுக்கப் பனியன் அல்ல. பல்லடத்தில் விசைத்தறியும் கறிக்கோழியும், காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெயும், அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளும் உண்டு. ஆனால் சனிக்கிழமை மாலை பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்தால்தான் ஊர்க் கடைகளில் கூட்டம் கூடும். அந்தச் சம்பளத்துக்காக ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், நிற்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களும் ஏராளம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, இந்தப் பிரித்த வேலையின் மறுபக்கம் தெரிந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி வெளிநாட்டுக் கடைக்காரர் ஏற்றுமதியாளரை நெருக்குவார். அவர் ஜாப் ஒர்க் கூலியில் கை வைப்பார். கடைசிப் பாரம் பவர் டேபிள்காரர் தலையில். பெரிய நிறுவனத்துக்கு வங்கி இருக்கிறது, இவருக்கு நகைக்கடன்தான்.

இவரைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலில் விதி நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் சிறு நிறுவனங்களுக்கான ‘உத்யம்’ அரசுப் பதிவு இல்லாத யூனிட்டுக்கு அது பயன்படாது. துண்டுச்சீட்டில் கணக்கெழுதி வேலை செய்பவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்துகொடுக்கும் முகாம்களைத் தொழில் சங்கங்களும் மாவட்ட நிர்வாகமும் தெருத்தெருவாக நடத்த வேண்டும்.