கண் பிரஷருக்கு அழற்சி மருந்து போடலாமா?

“கண்ணில் பிரஷர் இருக்கிறது” என்று டாக்டர் சொன்னாரா? கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிதையும் நோய் அது (கிளாக்கோமா). கண்மாய் மடை தூர்ந்தால் தண்ணீர் ஏறுகிற மாதிரிதான். சிலருக்கு அழுத்தம் ஏறாமலும் நரம்பு கெடலாம்.

வலித்தால் தெரிந்துவிடாதா? பெரும்பாலும் வலிக்காது. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை பரிசோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டது. 100க்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறியவே இல்லை.

அழுத்தம் குறைந்த பிறகும் சிலருக்குப் பார்வை மங்குவது ஏன்? செல்களில் சேரும் வீரியமிக்க கழிவு மூலக்கூறுகள் செல்லையே அரிக்கின்றன (ஆக்சிஜனேற்ற அழுத்தம்). உடலின் காவல் செல்களும் அளவுமீறிக் கிளர்ந்தெழுகின்றன (அழற்சி). நீர் வடியும் சல்லடைத் திசு, பார்வை நரம்பு இரண்டையுமே இவை பாதிக்கின்றன.

அப்படியானால் அழற்சியைக் குறைக்கும் சொட்டு மருந்து நல்லதுதானே? இங்கேதான் கவனம் வேண்டும். கண் அரிக்கிறது என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டே நாளில் சிவப்பு மறையும், மறுபடி வாங்கத் தோன்றும். வாரக்கணக்கில் போட்டால் பலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும். குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வைட்டமின் மாத்திரை உதவுமா? வைட்டமின் பி3 வகையான நிகோட்டினமைடு சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்திருக்கிறது. ஆனால் அது இன்னும் நிலைபெற்ற சிகிச்சை அல்ல. அதிக அளவில் எடுத்தால் ஈரல் கெடலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

இன்றைக்கு எதை நம்பலாம்? அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையை. அதற்கான சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாமல் போடுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் லேசாக அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

பார்வை நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு? போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காக்க முடியும். உங்களுக்கு இந்த நோய் இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.