போடி பஸ்ல ஒரு நியாண்டர்தால்

போடியில இருந்து மதுரைக்கு பஸ்ல போயிருக்கீங்களா? தேனி, ஆண்டிபட்டி தாண்டி கணவாய் இறங்கினா உசிலம்பட்டி வரும். அந்தப் பக்கம்தான் ஜோதிமாணிக்கம்னு ஒரு சின்ன கிராமம் இருக்கு. எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஒரு ஃபார்வர்டு வரும்: "உலகின் முதல் மனிதன் உசிலம்பட்டிக்காரன்!" உடனே ஒருத்தன் "எங்க ரத்தம்டா" என்பான். இன்னொருத்தன் "அப்ப எங்க ரத்தம் என்ன தண்ணியா?" என்பான். அப்புறம் அட்மின் குரூப்பை லாக் பண்ணுவார்.

இந்தக் கட்டுரைக்கு அந்தச் சண்டை ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்க அப்பத்தா.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில எங்க சித்தப்பா இறந்துட்டார். வயசு 44. தினமும் காலையில ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்த மனுஷன். ஒரே வீட்டுல நாங்க ஏழு பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு. அவரைத் தவிர எல்லாரும் எழுந்துட்டோம். அப்பத்தா அப்ப கேட்டது: "நாலு பிள்ளை பெத்தேன். இவனுக்கு மட்டும் ஏன்டா? என் வயித்துலதான் ஏதும் கோளாறா?" நான் அப்ப பிளஸ் ஒன். பதில் தெரியல. இப்ப ஓரளவு சொல்லலாம்னு நினைக்கிறேன். ஆனா அதுக்கு உசிலம்பட்டியில இருந்து ஆரம்பிக்கணும்.

உசிலம்பட்டி கதையில பாதிதான் உண்மை

உண்மை என்னன்னா, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் அவர் குழுவும் நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல ரத்த மாதிரி எடுத்தாங்க. அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸோட சேர்ந்து அதை ஆராய்ந்தப்ப, ஜோதிமாணிக்கத்து இளைஞர் ஒருத்தர்கிட்ட எம்130 என்ற அடையாளம் கிடைச்சுது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள்கிட்டயும் இருக்கிற அடையாளம் அது. ஆப்பிரிக்காவுல இருந்து கடலோரமாவே நடந்து, இந்தியா வழியா ஆஸ்திரேலியா போன ஆதி மனிதர்களோட தடம் இதுன்னு வெல்ஸ் சொன்னார். 'மனிதனின் பயணம்' என்ற பொருள் வர்ற அவரோட புத்தகமும் ஆவணப்படமும் இந்த ஊரை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு.

இதுல "முதல் மனிதன்" எங்க வந்தான்? எங்கயும் வரல. எம்130 என்பது ஒய் குரோமோசோம்ல இருக்கிற ஒரே ஒரு எழுத்து மாற்றம். ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து மகனுக்குக் கிட்டத்தட்ட அப்படியே போகும். அதனால அது ஒரே ஒரு வரிசையைத்தான் காட்டும்: அப்பா, அப்பாவோட அப்பா, அவரோட அப்பா. பத்துத் தலைமுறை பின்னால போனா உங்க வம்ச மரத்துல 1,024 இடம் இருக்கு. ஒய் குரோமோசோம் பேசுறது அதுல ஒருத்தரைப் பத்தி மட்டும். மீதி 1,023 பேரும் உங்களைப் பெத்தவங்கதானே?

இதே எம்130 வரிசை மங்கோலியா வரைக்கும் இருக்கு. அந்த பஸ்ல உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரோட முன்னோர்களும் அதே அளவு பழையவங்கதான். ஐம்பதாயிரம் வருஷம் முன்னாடி முன்னோர் இல்லாம இன்னைக்கு யாரும் பஸ் ஏறியிருக்க முடியாது.

சீனியர் ரெக்கார்டும் நியாண்டர்தாலும்

நியாண்டர்தால் மனிதர்கள் ஐரோப்பாவுலயும் மேற்கு ஆசியாவுலயும், சைபீரியாவின் அல்தாய் மலை வரைக்கும் வாழ்ந்த இன்னொரு மனித இனம். 1856-ல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்குல கிடைச்ச எலும்புகளால அந்தப் பேர். சுமார் 40,000 வருஷம் முன்னாடி அழிஞ்சு போனாங்க. நியாண்டர்தால்னு உறுதியா சொல்லக்கூடிய எலும்பு எதுவும் இந்தியாவுல கிடைக்கல.

2010-ல் ஸ்வாந்தே பேபோவோட குழு, குரோஷியாவின் விண்டிஜா குகையில கிடைச்ச எலும்புகள்ல இருந்து நியாண்டர்தால் டி.என்.ஏ.வைப் படிச்சு வெளியிட்டாங்க. அதை இன்னைக்கு வாழ்ற ஐந்து பேரோட ஒப்பிட்டாங்க: பிரான்ஸ், சீனா, பப்புவா நியூ கினி, மேற்கு ஆப்பிரிக்கா, தெற்கு ஆப்பிரிக்கா. (பட்டியல்ல இந்தியர் இல்லை, கவனிச்சீங்களா? அதுக்கு வர்றேன்.) ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கிறவங்ககிட்ட 1 முதல் 4 சதவீதம் நியாண்டர்தால் டி.என்.ஏ. இருக்குன்னு தெரிஞ்சுது. பிறகு வந்த கணக்குகள்ல அது சுமார் 2 சதவீதம்னு ஆச்சு. பேபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைச்சுது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? லேப் ரெக்கார்டை நினைச்சுக்கோங்க. ரெண்டு பேர் ரெக்கார்டுல ஒரே சரியான விடை இருந்தா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா சீனியர் ரெக்கார்டுல இருந்த அதே ஸ்பெல்லிங் மிஸ்டேக், அதே பக்கத்துல, வரிசையா பத்து இடத்துல உங்க ரெக்கார்டுலயும் இருந்தா? மேடம் கண்டுபிடிச்சுடுவாங்க. அதே மாதிரிதான், நியாண்டர்தால்கிட்ட இருந்த மாற்றங்கள் நம்மகிட்ட கொத்தா ஒரே இடத்துல வருது. ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வராத மக்கள்கிட்ட அந்தக் கொத்து ரொம்ப அபூர்வம். அப்ப அது நம்ம பொது முன்னோர்கிட்ட இருந்து வந்ததில்லை, இடையில கலந்தது.

எப்பக் கலந்ததுன்னும் கணக்குப் போடலாம். ஒவ்வொரு தலைமுறையிலயும் குரோமோசோம்கள் வெட்டி ஒட்டப்படும். அதனால துண்டு சின்னதாகிட்டே போகும். துண்டோட நீளத்தைப் பார்த்தா எத்தனை தலைமுறை ஆச்சுன்னு தெரியும். விடை: சுமார் 45,000 முதல் 50,000 வருஷம் முன்னாடி. நம்ம முன்னோர்கள் ஆப்பிரிக்காவை விட்டு வந்த பிறகு, அனேகமா மேற்கு ஆசியாவுல. அந்த எலும்பு இந்தியாவுக்கு வரல. ஆனா நம்ம உடம்புக்குள்ள உட்கார்ந்து அந்தத் துண்டுகள் வந்து சேர்ந்துடுச்சு.

இப்ப உசிலம்பட்டிக்குத் திரும்புவோம். வாழும் மனிதர் யார்கிட்டயும் இதுவரை நியாண்டர்தால் ஒய் குரோமோசோம் கிடைச்சதில்லை. அதாவது, ஃபார்வர்டு பெருமைப்படுற அந்த ஒய் சோதனையை மட்டும் பார்த்தா, நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்கிற இந்தக் கலப்பு கண்ணுக்கே தெரியாது. மீதி குரோமோசோம்களைப் படிச்சாத்தான் தெரியும்.

ஆளுக்கு ஒரு கிலோ

எங்க அப்பத்தா வீட்டுல உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவாங்க. பெரிய காய் தனியா, சின்னது தனியா, வெடிச்சது தனியா. ஐம்பது கிலோ மூட்டையில 2 சதவீதம்னா ஒரு கிலோ. நம்ம ஒவ்வொருத்தர் மூட்டையிலயும் ஒரு கிலோ நியாண்டர்தால் காய் இருக்குன்னு வெச்சுக்கலாம். ஆனா உங்க ஒரு கிலோவும் உங்க ரூம்மேட்டோட ஒரு கிலோவும் ஒரே காய் இல்லை. உங்களுக்கு ஒரு செடியில இருந்து வந்தது, அவனுக்கு வேற செடியில இருந்து.

அப்ப நிறையப் பேரோட ஒரு கிலோவைச் சேர்த்துப் பார்த்தா? 2025-ல் 'செல்' இதழ்ல வந்த ஆய்வு அதைத்தான் செஞ்சுது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பிரியா மூர்ஜானியும் மற்றவர்களும், நம்ம நாட்டின் பல மாநிலங்கள்ல இருந்து 2,762 பேரோட முழு மரபணுத் தொகுதியைப் படிச்சாங்க. எல்லாரும் வயசானவங்க, நம்ம தாத்தா பாட்டி மாதிரி. அந்தச் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டினப்ப, நம்ம முன்னோர்களோட கலந்த நியாண்டர்தால் மரபணுத் தொகுதியில கிட்டத்தட்ட பாதி திரும்பக் கிடைச்சுது. உலகத்துலயே நியாண்டர்தால் துண்டுகள்ல அதிக வகை இருக்கிறது இந்தியர்கள்கிட்டதான்னும் சொன்னாங்க. 2010-ல் பட்டியல்லயே இல்லாதவங்க!

மூணாவது குரோமோசோம்

இனி அப்பத்தாவோட கேள்வி.

2020 செப்டம்பர்ல ஹியூகோ செபெர்கும் பேபோவும் 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. கொரோனா சிலருக்கு மட்டும் ஏன் தீவிரமாகுதுன்னு தேடினவங்க, மூணாவது குரோமோசோம்ல ஒரு இடத்தைச் சுட்டியிருந்தாங்க. அந்த இடத்துல இருக்கிற சுமார் 50,000 எழுத்து நீளத் துண்டு நியாண்டர்தால்கிட்ட இருந்து வந்ததுன்னு இவங்க காட்டினாங்க. விண்டிஜா குகை எலும்புலயும் அதே துண்டு இருக்கு. அது இருந்தா, மருத்துவமனையில சேர்க்கிற அளவுக்கு நோய் முத்துற வாய்ப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு. ஐரோப்பாவுல சுமார் 16 சதவீதம் பேர்கிட்ட இது இருக்கு. கிழக்கு ஆசியாவுல கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தெற்காசியாவுல சுமார் பாதிப் பேர்கிட்ட இருக்கு.

பாதிப் பேர். உங்க கிளாஸ்ல அறுபது பேர்னா முப்பது பேர்.

பயப்படுறதுக்கு முன்னாடி மீதியையும் படிங்க. அடுத்த வருஷமே அதே ரெண்டு பேர், பன்னிரண்டாவது குரோமோசோம்ல இருக்கிற வேற ஒரு நியாண்டர்தால் துண்டு கொரோனா தீவிரமாகுற வாய்ப்பை சுமார் 22 சதவீதம் குறைக்குதுன்னு காட்டினாங்க. 2022-ல் வந்த செபெர்கின் இன்னொரு கட்டுரைப்படி, அந்த மூணாவது குரோமோசோம் துண்டே எச்.ஐ.வி. தொற்றுற வாய்ப்பை 27 சதவீதம் குறைக்குது. ஒரே துண்டு, ஒரு நோய்க்குக் கெட்டது, இன்னொண்ணுக்கு நல்லது. வயசு, சர்க்கரை நோய், சரியான நேரத்துல ஆக்சிஜன் கிடைச்சுதா என்பதெல்லாம் இதை விடப் பெரிய காரணங்கள். மரபணுவைத் தலையெழுத்துன்னு நினைச்சுடாதீங்க.

போன பொங்கல் லீவுல அப்பத்தாகிட்ட இதைச் சொன்னேன். குரோமோசோமுக்குத் தமிழ் தேடித் திணறினேன் (இங்கிலீஷ் மீடியம் பாவம்). கடைசியில காயை வெச்சே சொன்னேன். "அப்பத்தா, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ரெண்டு காய் இருக்கும். பிள்ளைக்கு அதுல ஒண்ணுதான் போகும். எது போகும்னு யாருக்கும் தெரியாது. நாணயம் சுண்டுற மாதிரி. அதனாலதான் நாலு பிள்ளையும் நாலு மாதிரி. சித்தப்பாவுக்கு அந்தக் காய் இருந்துச்சான்னு யாரும் பார்க்கல. இருந்திருந்தாலும் அது உன் கோளாறு இல்லை. இந்தத் தெருவுல பாதி வீட்டுல அது இருக்கும். ஐம்பதாயிரம் வருஷமா கை மாறி வருது."

அப்பத்தா கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "மேலத்தெருக்காரங்களுக்கும் இருக்குமா?"

"எல்லாத் தெருவுக்கும், அப்பத்தா."

"சரி" என்று சொல்லிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பிச்சாங்க.

நம்ம மலையில வழுக்கானு ஒரு ஏலக்காய் ரகம் உண்டு. மலபார் ரகமும் மைசூர் ரகமும் தானா கலந்து வந்ததுன்னு சொல்றாங்க. பேர் பெற்ற ஞள்ளானி அந்த வழியில வந்ததுதான். போடி ஏலத்துல காயோட கலரைப் பார்ப்பாங்க, சைஸைப் பார்ப்பாங்க. கலப்பில்லாத காயான்னு யாரும் கேட்கிறதில்லை. அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா, குரூப்பை லாக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கட்டுரையை அனுப்பி வைங்க.