துருத்தும் திருப்பணியும்

பழைய கோயிலைப் பழுது பார்ப்பதை நம் பெரியவர்கள் திருப்பணி என்றார்கள். சமண மரபில் ஜீர்ணோத்தாரம் என்று பெயர். புதிதாக ஒரு கோயில் கட்டுவதைக் காட்டிலும், பாழடைந்ததைச் செப்பனிடுவது எட்டு மடங்கு புண்ணியம் என்பது எங்கள் முன்னோர் வாக்கு. புண்ணியக் கணக்கு இருக்கட்டும். ஊர்க் கணக்கு என்ன? இடிந்த கட்டடம் ஒன்று நிமிர்ந்தால் அதைச் சுற்றி இருக்கிற சனங்களுக்கு என்ன கிடைக்கும்? அதுவும் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவுக் கிராமம் என்றால்? ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்தவன் புத்தி இப்படித்தான் கேட்கும். விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் மலைப் பெரியாற்றோடு கீழே இறங்கினால் போதும்.

ஆறு போகும் வழி

சிவகிரி மலையில் பிறந்து, தேக்கடியில் ஏரியாகத் தேங்கி, வண்டிப்பெரியாறு, இடுக்கி வழியாக இறங்கும் பெரியாற்றின் நீளம் 244 கிலோமீட்டர். ஆலுவாவில் அது இரண்டாகப் பிரிகிறது. மங்கலப்புழை என்கிற கிளை சாலக்குடி ஆற்றோடு கூடி, முனம்பத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்தில் ஆறும் காயலும் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. அந்தத் துண்டுகளை மலையாளத்தில் துருத்து என்பார்கள். நம் தமிழில் துருத்தி. காவிரிக்கரைத் திருப்பூந்துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே சொல்தான்.

இந்த நீர்நிலம்தான் பழைய முசிறி. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. பட்டணம் என்ற ஊரில் 2007இல் தொடங்கிய அகழாய்வில் மதுச்சாடித் துண்டுகளும், ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள மரத்தோணியும் கிடைத்தன. சிலப்பதிகாரம் செய்த சமணத் துறவி இளங்கோவடிகள் இருந்த குணவாயிற் கோட்டம், கொடுங்கல்லூருக்கு வடக்கே உள்ள மதிலகம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தக் கோட்டம் இன்று இல்லை. காப்பாற்ற ஆளில்லாத கட்டடம் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

கட்டடம் நின்றது, ஆள் இல்லை

மிச்சம் இருப்பதையாவது காப்போம் என்று கேரள அரசு முசிறிஸ் மரபுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் கட்டத்தை 2016 பிப்ரவரி 27 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார். வடக்குப் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் இல்லீங்க, இது பெரியாற்றங்கரை) யூதர்களின் பழைய ஜெபாலயங்கள் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகம் ஆயின. கொச்சி மன்னர்களின் அமைச்சர்களான பாலியத்து அச்சன்மாரின் மாளிகையும் நாலுகெட்டும் அப்படியே. வைப்பின் தீவின் வடமுனையில் போர்ச்சுக்கீசியர் 1503இல் கட்டிய பள்ளிப்புறம் கோட்டையும் இந்தச் சுற்றுவழியில் வருகிறது. படகில் ஏறி ஒவ்வொரு துறையாக இறங்கிப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

சேந்தமங்கலம் ஜெபாலயத்தின் முன் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக்கல் ஒன்று உண்டு. ஆனால் தொழுகைக்கு வந்த சனங்கள் 1950களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் பிழைத்தது, வழிபாடு பிழைக்கவில்லை. பார்க்க வருகிறவர் டிக்கெட் வாங்குகிறார், படம் எடுக்கிறார், படகேறிப் போகிறார். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த வீட்டுக்காரனுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வேலையும் இல்லை என்றால், நாளை ஓடு உடைந்தாலும் அவன் ஏறிப் பார்க்க மாட்டான்.

கோதுருத்தின் காலடி

பக்கத்திலேயே கோதுருத்து. சின்னத் தீவுக் கிராமம். அங்கே வாழ்வது சவிட்டு நாடகம். சவிட்டு என்றால் மிதி. பலகை மேடை அதிர மிதித்து ஆடுவதால் அந்தப் பெயர். கிறித்தவ மக்களின் கலை. கார்ல்ஸ்மான் என்கிற ஐரோப்பியப் பேரரசன் கதையைப் பல இரவுகள் ஆடுவார்கள். நம்மவர் கவனிக்க வேண்டியது அதன் மொழி. பழைய பாடல்கள் தமிழ் கலந்தவை. அந்தக் கதையை நாடகமாக்கிய சின்னத்தம்பி அண்ணாவி தமிழர் என்பது வழிவழிச் செய்தி. வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் மேடையில் தமிழ்ப் பாட்டுக்குக் கால் மிதிக்கிறார்கள்! முசிறித் திட்டத்தில் இந்தத் தீவுக்குக் கிடைத்தது இந்தக் கலைக்கான அரங்கம். ஆடுகிறவன் அந்த ஊர், பாடுகிறவன் அந்த ஊர், பார்க்கிறவனும் அந்த ஊர். இப்படிப்பட்ட இடத்தில்தான் கட்டடத்துக்கு நாள்தோறும் வேலை இருக்கும்.

சுண்ணாம்பின் பொருளாதாரம்

இன்னொரு விஷயம், பணம் எங்கே போகிறது என்பது. அந்தக் கரைப்பக்கத்துப் பழஞ்சுவர்கள் பெரும்பாலும் செம்பூரான் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உப்புக் காற்றும் ஈர மண்ணும் உள்ள இடத்தில் சுவர் தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பொரிந்து, கல்லைத் தின்னும். ஆகவே முறையான திருப்பணிக்குச் சிமென்ட் மூட்டை உதவாது. கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவர், சாந்து அரைக்கிறவர், தச்சர், ஓடு வேய்கிறவர் வேண்டும். புதுக்கட்டடம் என்றால் பணம் இரும்புக்கும் சிமென்டுக்குமாக ஊரை விட்டு வெளியேறிவிடும். பழுது பார்க்கிற வேலையில் பெரும்பங்கு கூலி. உள்ளூர் ஆளை அமர்த்தினால் அந்தப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். தொழிலும் அடுத்த தலைமுறைக்குக் கை மாறும்.

கடல் கடந்தும் இதே கதை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபோகோ என்ற மீனவர் தீவு. 1992இல் அரசு காட் மீன்பிடிப்பை நிறுத்தியது, பிழைப்புப் போயிற்று. அந்தத் தீவிலே பிறந்த சீட்டா காப் என்ற அம்மையார் ஷோர்ஃபாஸ்ட் என்கிற அறநிறுவனம் மூலம் பழைய மரவீடுகளைச் செப்பனிட்டு, கலைஞர்கள் வந்து தங்கும் இடமாக்கினார். 2013இல் 29 அறைகள் கொண்ட விடுதி ஒன்றும் திறந்தார். விடுதியில் மிஞ்சும் லாபம் தீவுக்கே திரும்புகிறது. பழமை அங்கே காட்சிப்பொருள் இல்லை, முதல்.

வெள்ளம் சொன்ன பாடம்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேந்தமங்கலத்துக் கைத்தறிகள் சேற்றில் மூழ்கின. ஓணத்துக்கு நெய்து வைத்த துணி முழுக்கப் பாழ். அந்தச் சேறு படிந்த துணியைச் சுத்தம் செய்து சேக்குட்டி என்று சின்னப் பொம்மை செய்து விற்றார்கள். சேற்றைப் பிழைத்த குட்டி என்று பொருள். பல ஊர்த் தன்னார்வலர்கள் கைகொடுத்தார்கள், தறி மறுபடி ஓடியது. ஊர் எழுந்து நின்றது அங்கே தொழில் இருந்ததால். மாளிகையும் ஜெபாலயமும் மட்டும் இருந்திருந்தால், வந்து பார்க்கிறவர்கள் கண்டது ஒரு காலி ஊராக இருந்திருக்கும்.

நமக்கு என்ன?

பாலக்காட்டு ஜைனமேட்டில் சந்திரபிரபர் கோயில் இருக்கிறது. குமாரன் ஆசான் 1907இல் ‘வீணபூவு’ எழுதியது அந்த ஜைனமேட்டில்தான். இன்று அங்கே சமணக் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். கோயில் நிற்கிறது என்று நான் சந்தோஷப்படுகிறேன். விளக்கேற்ற நாளைக்கு யார் என்று கவலையும் படுகிறேன். சக்குபள்ளம் முதல் பாலக்காடு வரை நம்மவர்களிடமும் பழைய கட்டடங்கள் உண்டு: தோட்டத்து லயம், தமிழ்ப் பள்ளிக்கூடம், படிப்பகம், சின்னக் கோயில். மாநிலம் விட்டு வந்து வாழ்கிற நாமும் ஒரு வகையில் துருத்துதான். சுற்றிலும் வேறு மொழி.

ஆகவே எதையும் இடிப்பதற்கு முன்னும், பெயின்ட் அடிப்பதற்கு முன்னும் மூன்று கேள்வி கேட்போம். இதை நாள்தோறும் யார் திறப்பார்? வேலை யார் கையால் நடக்கும்? வருகிற காசு எங்கே தங்கும்? நம் சங்கம் இந்த ஆண்டே ஒரு நோட்டுப் போட்டு, ஊர் ஊராக நம் பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்கலாம். கட்டியவர் யார், எந்த ஆண்டு, இப்போது என்ன நிலை என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். இந்த அறத்தைக் காத்தவர் திருவடி என் தலைமேல் என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். யாரை நினைத்து அப்படி வெட்டினார்கள்? பின்னால் வரப்போகிற நம்மைத்தான்.